டில்லிக் குளிரில் ஒரு செக்கிங் சூப்பர்வைசர்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவன் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் ஓட்டையைத்தான் தேடுவான். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாலு வருசமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்தப் பொங்கல் லீவில் மனைவி நசீமா, இரண்டாவது படிக்கிற ஆயிஷா, நாலு வயசு ரியாஸ் மூவரையும் டில்லி சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன். சின்னக் குழந்தைகளோடு ஊர் சுற்றிவிட்டு வந்தவர்களே, உங்களுக்கு இதில் எதுவும் புதுசாக இருக்காது. ஒரு ஆறுதலுக்காகப் படியுங்கள்.

எனக்கு இந்தி தெரியும்

எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அவர்களோடு பழகி எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு என்று நசீமாவிடம் பல வருசமாகப் பீற்றி வைத்திருந்தேன். டில்லி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஏறியதும் அதைக் காட்ட நேரம் வந்தது. "ஜல்தி சலோ. பாத் மத் கரோ. சீதா தேக்கோ" என்றேன். சீக்கிரம் போ, பேசாதே, நேராகப் பார் என்று அர்த்தம்.

ஆட்டோக்காரர் வயசானவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்து, போலீஸில் இருக்கிறீர்களா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல முடிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வார்த்தை வரவில்லை. கம்பெனியில் அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஆட்டோவை விட்டு இறங்கியதும் நசீமா கேட்டாள்: "ஏனுங்க, கம்பெனிலயும் இப்படித்தான் பேசுவீங்களா? அந்தப் புள்ளைக பாவமுங்க."

குளிர்த் துணி நிபுணர்

வருசம் பூராவும் வெளிநாட்டுக்காரர்களுக்கான குளிர்ச்சட்டைகள் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. ஜனவரியில் டில்லி குளிருமே என்று நசீமா கேட்டபோது, "துணியப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று வாயை அடைத்துவிட்டு, ஆளுக்கு நாலு அரைக்கை பனியன் எடுத்து வைத்தவன் நான்.

முதல் நாள் காலையில் பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. ரியாஸின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பயந்துபோய் அவனை என் சட்டைக்குள்ளேயே நுழைத்துக்கொண்டு தெருவோரக் கடைக்கு ஓடினேன். அங்கே போயும் கை சும்மா இருக்கவில்லை. முதல் ஸ்வெட்டரில் கழுத்துத் தையல் கோணல். இரண்டாவதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடும்போது, கடைக்கார அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கி ரியாஸுக்கு மாட்டிவிட்டார். அவர் இந்தியில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது: "குழந்தை நடுங்குது, நீ நூலை எண்ணிக்கிட்டு நிக்கிறியா?"

நாங்கள் பார்த்த இடங்கள்

செங்கோட்டை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, எங்கள் முறை வந்தபோது ரியாஸ் காலைப் பின்னிக்கொண்டான். வரிசையை விட்டுக் கழிப்பறை தேடி ஓடினோம். இந்தியா கேட்டிலும் அதே கதை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று வரலாற்றை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எந்த இடத்துச் சரித்திரமும் இரண்டாம் வரியைத் தாண்டவில்லை.

குதுப்மினாரில் எப்படியாவது சொல்லிவிடுவது என்று அவனைத் தோளில் தூக்கி வைத்து, "இது எவ்வளவு உசரம் பார்த்தியா கண்ணு?" என்று ஆரம்பித்தேன். ரியாஸ் அண்ணாந்து பார்த்தான். நிஜமாகவே யோசித்தான். பிறகு என் காதருகே குனிந்து, "இத்தனை பெருசா கட்டியிருக்காங்களே அத்தா, உள்ள ஒரு பாத்ரூம் கட்டலீங்களா?" என்றான்.

காணாமல் போனவர்

இதை மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை. பை, இரண்டு போன், டிக்கெட் எல்லாம் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மெட்ரோ ஸ்டேஷனில் நல்ல கூட்டம். மூவரையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, தோள்பையைச் சரி செய்து காலைத் தூக்குவதற்குள் கதவு சாத்திவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நசீமாவின் முகம். அதுவும் நகர்ந்து போய்விட்டது.

அவள் போனும் என் பையில்தான். நடைமேடையில் நின்ற காவலரிடம் ஓடினேன்; இந்தி வரவில்லை, அழுகைதான் வந்தது. ரயில் போன திசையைக் கையால் காட்டி, இரண்டு பிள்ளைகளின் உயரத்துக்கு உள்ளங்கையை இடுப்பளவிலும் அதற்குக் கீழேயும் பிடித்துக் காட்டினேன். அந்த மனிதர் புரிந்துகொண்டார். வயர்லெஸ்ஸில் ஏதோ பேசி, அடுத்த ரயிலில் தானே என்னை ஏற்றிவிட்டார்.

அடுத்த ஸ்டேஷனில் மூவரும் ஒரு பெண் காவலரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரியாஸ் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். மூவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு விம்மினேன். ஆயிஷா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அழுகாதீங்கத்தா. நீங்க தொலைஞ்சு போயிட்டீங்கன்னு நான்தான் இந்த அக்காகிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். என்ன கலர் சட்டைன்னு கேட்டாங்க, அதுதான் எங்க யாருக்கும் ஞாபகம் வரலீங்க."

ஊர் வந்து சேர்ந்த பிறகு

வெள்ளகோவிலில் மச்சான் வீட்டுக்குப் போனோம். நசீமாவின் அண்ணன் அவர். பிள்ளைகளுக்குத் தலைநகரத்தைக் காட்டிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் ரியாஸை மடியில் வைத்து, டில்லியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். கோட்டை என்று சொல்லுவான், மினார் என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணை அகல விரித்து, "அங்க தெருநாயெல்லாம் சட்டை போட்டிருக்குதுங்க மாமா!" என்றான்.

டில்லி பார்த்தாயா என்று யார் கேட்டாலும் பார்த்தேனுங்க என்றுதான் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எவ்வளவு பார்த்திருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?