அப்டேட்டுக்கு அஞ்சும் லாசரஸ்

வாயில் பிரஷ், கையில் போன். கீழ்க்கட்டளையில் எங்கள் எதிர்வீட்டு லாசரஸ் பால்கனியில் நின்று பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் இலவசமாக வைக்கும் மென்பொருள் பேக்கேஜ்களில் நேற்று எது புதிதாகச் சேர்ந்தது, எது மாறியது என்று சொல்லும் பட்டியல் அது. நாம் ராசிபலன் பார்ப்பதைவிடப் பயபக்தியோடு பார்ப்பார். அறிமுகமில்லாத பெயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், நுரையைத் துப்ப மறந்துவிடுவார்.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் ரிப்போர்ட் அச்சடிக்கும் புரோகிராம் இவர் பொறுப்பு. அதில் பாதி இப்படிப் பொதுவில் எடுத்ததுதான்.

போன வருஷம் ஓர் அப்டேட் போட்டார். ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் பெயரில் அச்சாகி வந்தது. நர்ஸ் இன்சுலின் ஊசியோடு கட்டிலருகே போய்விட்டார். “இவருக்கு சுகரே இல்லையேம்மா” என்று நோயாளியின் மனைவி தடுத்ததால் தப்பித்தார்கள். அன்றே லாசரஸ் எல்லாப் பேக்கேஜையும் இனி மாறாதபடி பழைய வடிவத்திலேயே பூட்டிவிட்டார். “ஓடிட்டிருக்கறத தொடக்கூடாது சார்” என்பார். சூடு கண்ட பூனை என்று நானும் கேலி செய்வேன்.

சென்ற வாரம் கேலி நின்றது. அவர் பூட்டி வைத்த வடிவத்தில்தான் ஓட்டையாம். வெளியாள் எவனும் நுழைந்து ரிப்போர்ட்டைத் திருத்தலாம். சரிசெய்த வடிவம் பட்டியலில் முன்பே வந்திருக்கிறது. பூட்டியதுதானே என்று இவர் அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருக்கிறார்.

“போட்டாலும் பயமா இருக்கு, போடலைன்னாலும் பயமா இருக்கு” என்றார். மாதாமாதம் அங்கேதான் எனக்கும் சர்க்கரை பார்க்கிறார்கள்.

சரிசெய்த வடிவத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சோதித்ததில் எல்லாம் சரியாக வந்தது. போன தடவையும் அங்கே சரியாகத்தான் வந்தது. கடைசியில் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மருத்துவமனையில் அப்டேட்டைப் போட்டார் என்று அவர் மனைவி பிளஸ்ஸி சொன்னார்.

மறுநாள் காலை லேப் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். லாசரஸ் வியர்த்து விறுவிறுத்து வந்தார். நேற்றே வேறு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டாராம்.

“எனக்கு சுகர் இல்ல, உங்களுக்கு இருக்கு. நம்ம ரெண்டு பேர் ரத்தமும் மொதல்ல போகட்டும் சார். மாறி வந்தா தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் மத்தவங்களுக்கு எடுக்கட்டும்.”

நான் எழுந்து அவரோடு உள்ளே போனேன். டெக்னீஷியன் தீபா ஊசியைப் பிரித்தார். லாசரஸ் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினார்.