வாசலில் கேட்ட வயது

பொடிசு என்றால் அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரது என்று கேட்பார்கள். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளைத் துவைத்தபின் இஸ்திரி போடும் உருளை இயந்திரத்துக்குள் விட்டு, சூடாக வெளியே வருவதை மடித்து அடுக்குவது அவள் வேலை. இயந்திரத்தின் மேசை அவளுக்கு நெஞ்சுயரம் வரும். அதனால் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வேலை பார்ப்பாள். பலகையை யாராவது நகர்த்திவிட்டால் தீர்ந்தது, கூடமே அதிரும்படி கத்துவாள். ஆள்தான் பொடிசு, வாய் பொடிசு இல்லை.

அவளுக்கு முப்பத்தேழு வயது. மூத்தவன் ஒன்பதாவது படிக்கிறான், இளையவள் ஐந்தாவது. பார்க்கிறவர்கள் இதை நம்பினால்தானே? பேருந்தில் ஏறினால் நடத்துனர் மாணவர் பாஸைக் கேட்பார். மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, “அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னா அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கியே” என்று வாத்தியார் அவனைத் திட்டியிருக்கிறார். பையனுக்கு மானம் போனது. அம்மாவுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுக்கக் கண்ணாடி முன்னாலேயே நின்றாள். நெற்றியோரம் நாலு நரை எட்டிப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சாயம் வாங்கிப் பூசிக்கொண்டாள். அந்தச் சாயத்தைப் பூசிய மறுநாளே இந்தக் கதை நடந்தது. அவள் தலையெழுத்து அப்படி.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரர். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு வெளியிலிருந்தே ஜோக்கடித்துப் பேசி, அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று மற்ற எல்லா நல்லதையும் விழுங்கி ஏப்பம் விட்டது. அது சீட்டு. ஊரில் கேசினோ திறந்த நாளிலிருந்து, விடுமுறை என்றால் மனிதர் வீட்டில் தங்குவதில்லை. “வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டு வர்றேன்” என்று கிளம்பிவிடுவார். அந்த அளவுக்கு சர்வீஸ் பார்த்த வண்டி உலகத்திலேயே வேறு இருக்காது.

மகள் வீட்டில் இருந்த மாமனார் இதையெல்லாம் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்தார். போன மாதம் வெடித்துவிட்டார். “சீட்டா, அப்பனா, முடிவு பண்ணிட்டு வா. அதுவரைக்கும் என் முகத்துல முழிக்காத.” மகனும் அதே ரத்தம்தானே? அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடியவள் பொடிசுதான். தன் அப்பாவைச் சின்ன வயதில் பறிகொடுத்தவள் அவள். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டது அவரை மட்டும்தான்.

அன்று அவள் பலகைமேல் நின்றிருந்தபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

“அண்ணி, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். யார் யாரைக் கூப்பிடணுமோ கூப்பிட்டுக்குங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அண்ணன் போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது.”

“மாமா பேசறாரா?”

“கதவு திறக்கறப்பல்லாம் ‘வந்துட்டானா, வந்துட்டானா’ன்னு கேக்கறார். ‘நான் ஏதோ கோவத்துல சொன்னேன், அதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டான். சும்மா சொன்னதுதான்னு சொல்லு, என் பக்கத்துல வந்து உட்காரச் சொல்லு’ன்னு ஒரே புலம்பல். எங்க இருந்தாலும் இழுத்துட்டு வாங்க அண்ணி.”

கணவருக்கு அன்று விடுமுறை. எங்கே இருப்பார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. போட்டது போட்டபடி ஓடினாள். கைப்பை மாடியில் அலமாரிக்குள் இருந்தது. ஏறி எடுத்து வரப் பொறுமை இல்லை. கையிலிருந்த போனோடு வாடகை வண்டியில் ஏறி, கேசினோ வாசலில் போய்க் குதித்தாள்.

உடம்பில் சலவைக்கூடத்துச் சீருடை: வெளிர்நீலச் சட்டை, கருநீலக் காற்சட்டை, நெஞ்சில் ஒரு முத்திரை. அவள் அளவுக்குக் கம்பெனியில் துணி கிடையாது. பள்ளிச் சீருடை விற்கிற கடையில்தான் வாங்கித் தருவார்கள். வாசலில் நின்றவன் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினான்.

அவன் கதவளவு ஆள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தான், காதிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. தமிழ் அவனுக்கு வீட்டு பாஷை இல்லை. வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்ட தமிழ்.

“அடையாளக் கார்டு காட்டுங்கம்மா. இருபத்தொண்ணு ஆகலைன்னா உள்ள விட மாட்டோம்.”

வேறொரு நாளாக இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே சலவைக்கூடத்தில் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டிருப்பாள்.

“எனக்கு முப்பத்தேழு வயசுப்பா. உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார். அவங்க அப்பா தேடறார். அவசரம். ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

“கார்டு?”

போனில் கார்டின் படம் இருந்தது. தேடி எடுத்துக் காட்டினாள்.

“படம் செல்லாது. அசல் வேணும்.”

“சரி, இதைப் பாரு. என் பையன். மீசை முளைக்குது அவனுக்கு.”

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “தம்பியா? அப்படியே உங்க ஜாடை.”

“அப்ப நீ போய்க் கூப்பிடு!”

“உள்ள யார் இருக்காங்க, இல்லைன்னு நாங்க சொல்லக் கூடாது. ரூல்ஸ்.”

அவளைத் தாண்டி வழுக்கைத் தலைகளும் தொந்திகளும் சர்வசாதாரணமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒருவரிடமும் ஒரு கேள்வி இல்லை. தலையைக் குனிந்து, சாயத்துக்குத் தப்பிய ஒரு நரை முடியாவது கிடைக்காதா என்று விரலால் வகிர்ந்து வகிர்ந்து காட்டினாள். சாயம் நல்ல கம்பெனிச் சாயம், ஒரு முடியைக்கூட விட்டுவைக்கவில்லை. மறுபடி போன் அடித்தது. “எங்க இருக்கீங்க அண்ணி? கேட்டுட்டே இருக்கார், குரல் இறங்கிட்டே போகுது.” வாசலில் நிற்கிறேன் என்று சொல்லாமலே போனை வைத்தாள்.

“உனக்கு அப்பா இருக்காரா இல்லையாப்பா? உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். என்னை விடு” என்று கும்பிட்டேவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அவனும் மனிதன்தானே? மனம் இளகிவிட்டது. கார்டு இல்லாவிட்டாலும் அவள் வாயாலேயே ஒரு வார்த்தை சொன்னால், அதை வைத்து மேலிடத்தில் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தான், பாவம். குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழிலேயே மிக மரியாதையானதைத் தேடி எடுத்துக் கேட்டான்.

“மறைக்காமச் சொல்லுங்க. நீங்க வயசுக்கு வந்துட்டீங்களா?”

இரண்டு பிள்ளை பெற்றவளிடம், நட்டநடு வாசலில், நாலு ஆண்பிள்ளைகள் கேட்க, இந்தக் கேள்வி. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை ஓங்கினாள். எட்டவில்லை. ஒரு குதி குதித்து விட்டாள் ஒரு அறை.

அப்புறம் என்ன? நாலு கறுப்புக் கோட்டுகள் ஓடிவந்தன. வாசல்காரனைக் கைநீட்டி அடித்தால் உள்ளே கொண்டுபோய் விசாரிக்க வேண்டுமாம், அதுவும் ரூல்ஸ். கெஞ்சியபோது திறக்காத கதவு அடித்ததும் திறந்தது. பக்கவாட்டு வழியாக நடத்திக்கொண்டுபோய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் கால் தரையில் படவில்லை.

அங்கே காவலுக்கெல்லாம் மேலதிகாரியாக ஒரு அம்மா இருந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான மனுஷி. வாசல்காரன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, “நான் தப்பா ஒண்ணும் கேக்கல மேடம். வயசுக்கு வந்துட்டீங்களான்னுதான் கேட்டேன்” என்றான். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“அடப்பாவி. அது வேறடா. உன் கேள்விக்கு ஒரு அறையோட விட்டாங்களே, அதுவே பெரிசு. இருபத்தொண்ணு முடிஞ்சிருச்சான்னு கேளு, போதும்.”

அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. அர்த்தம் புரிந்ததும் இன்னொரு கன்னமும் சிவந்துவிட்டது.

பொடிசு இது எதையும் கேட்கவில்லை. சுவர் முழுக்க இருந்த திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் மேசைகள், தலைகள், கைகள். ஒரு திரையில் ஒரு முதுகு தெரிந்தது. பதினாறு வருஷமாகப் பார்த்துப் பழகிய முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

“அதோ! அவர்தான்! அம்மா, அவரைக் கூப்பிடுங்கம்மா!”

“இதையெல்லாம் நீங்க பாக்கவே கூடாது” என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசல்காரனிடம் திரும்பி, “நீயே போ. ஆட்டத்துல இருக்கிறவர்கிட்ட நின்னு கதை பேசக் கூடாது, ஒரு வரி மட்டும் சொல்லலாம். என்னம்மா சொல்லணும்?” என்றார்.

ஒரு வரி. சாகக் கிடக்கிறார் என்பதுதான் அந்த வரி. உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி அப்படி ஒரு சொல்லை வாயால் சொல்வதா? சொன்னால் பலித்துவிட்டால்? இதுவரை யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

“அப்பா கூப்பிடறார்னு சொல்லுப்பா. உடனே வரச் சொன்னார்னு சொல்லு.”

அவன் கிட்டத்தட்ட ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரையில் தெரிந்தான். குனிந்து காதில் சொன்னான். கணவர் திரும்பவே இல்லை. கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம். அப்பா கூப்பிடுகிறார் என்றால் அவருக்கு இன்னொரு தவணைத் திட்டு என்றுதானே அர்த்தம்? அதற்கு யார் ஓடிவருவார்கள்? வாசல்காரன் இன்னொரு முறை குனிந்தான். மறுபடி அதே விரல்.

“எழுந்திரிங்க” என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். “எழுந்திரிங்க, எழுந்திரிங்க, ஐயோ, எழுந்திரிங்களேன்.” குரல் அந்த அறையைத் தாண்டவில்லை.

போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. அண்ணி என்றுகூட நாத்தனாரால் சொல்ல முடியவில்லை.

போனை மடியில் வைத்தாள். திரையில் கணவர் இரண்டு கையையும் உயர்த்தினார். ஜெயித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் அவர் முதுகில் தட்டினான். அவர் திரும்பிச் சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. தன் அப்பா இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது.

கண்ணாடிக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். “நானே போய்க் கையோட கூட்டிட்டு வர்றேன்.”

“வேண்டாம்மா” என்றாள் பொடிசு. “இனிமே அவசரமில்ல.”

ஆட்டம் முடிந்து கணவர் வந்தபோது பக்கவாட்டு நடையில் அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். வந்த வேகத்திலேயே ஆரம்பித்தார். “ஆள் விட்டுக் கூப்பிடற அளவுக்கு என்ன வந்துச்சு? எதுக்காம்? இன்னும் திட்டு பாக்கி இருக்கா அவருக்கு?”

“கோவத்துல சும்மா சொன்னதுதானாம். உங்களைப் பக்கத்துல வந்து உட்காரச் சொன்னார். வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுட்டே இருந்தார்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பின் மிச்சம் அப்படியே நின்றது.

“இருந்தார்னா?”

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“இருந்தார்னா என்னடி அர்த்தம்?”

“காலைல நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. உங்க போன் ஆஃப். இப்பதான்... கொஞ்சம் முன்னாடி.”

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அந்தத் துக்கம் எங்கேயாவது போய் முட்டியாக வேண்டுமே? எதிரில் நின்றவள் அவள் ஒருத்திதான். தலையை நிமிர்த்தினார்.

“நீ எப்ப வந்தே?”

“ரொம்ப நேரமாச்சு.”

“ரொம்ப நேரமாச்சா? அப்ப அவர் உசிரோட இருந்தாரா?”

“இருந்தார்.”

“பாவி! இத்தனை நேரம் வெளிய நின்னு என்னடி பண்ணினே? உள்ள வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா? அப்பா முகத்தைக்கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டியே!”

அந்த ஒற்றை விரலைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று கும்பிட்டதையும், அந்தக் கேள்வியையும், கேட்டவனை அறைந்ததையும் சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பேர்போனவள்தானே? ஆனால் தரையில் கிடந்த அந்த மனிதரைப் பார்த்தபோது எதுவுமே வாயில் வரவில்லை.

“எனக்கு வயசு பத்தாதுன்னுட்டாங்க” என்றாள்.