சரக்கு சரியவில்லை

வீட்டில் அவன் சின்னவன். லாரி செட்டில் அவனுக்குப் பெயர் கயிறு. வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் ஏற்றி அவன் கயிறு போட்டுக் கட்டினால், எந்தப் பள்ளத்தில் லாரி குதித்தாலும் ஒரு கண்ணாடிகூடக் கீறாது. வாயைத் திறந்தாலும் கயிறுதான் திரிப்பான். அதனால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திவிட்டது.

போர் வந்ததும் விமானப்படைக்கு ஆள் எடுத்தார்கள். போனான். சரக்கு விமானத்தில் பெட்டிகளை ஏற்றிக் கட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

விடுப்பில் வந்தபோது அக்கா கேட்டாள்: "அங்க என்னடா பண்றே?"

"அதே வேலதான்க்கா. லாரிக்கு றெக்க முளைச்சிருக்கு, அவ்ளோதான்."

அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. அவள் மாவுக் கையோடு நின்றபோதுதான் சீருடைக்காரர்கள் இருவர் வந்து விஷயத்தைச் சொன்னார்கள். மருந்துப் பெட்டிகளும் ஒரு ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானம், ஓடுபாதையைத் தாண்டியதும் வயலில் விழுந்துவிட்டது. பிழைத்தவர் துணை விமானி ஒருவர்தான்.

அழுது ஓய்வதற்குள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. கட்டு அவிழ்ந்து சரக்கு ஒருபக்கம் சரிந்ததால்தான் விமானம் விழுந்ததாம். யார் வாயில் பிறந்ததோ தெரியாது. அப்பா தினமும் பேப்பர் படிக்கிற சலூனில், பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதுபடவே சொன்னார்: "கட்ட ஒழுங்காப் போட்டிருந்தா இத்தன உசுரு போயிருக்குமா?" அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

அக்கா விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணை விமானி கால் இரண்டிலும் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவளைவிட வயதில் சின்னவர். இன்னாரென்று சொல்லிக்கொண்டாள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க தம்பி. அவன் கட்டினது அவுந்துச்சா?"

"யாருக்கா சொன்னது? இடது இஞ்சின் நின்னுபோச்சு. திரும்பி இறங்கப் பாத்தோம், முடியல. மோதின பிறகும் ஜெனரேட்டர் கட்டின இடத்துலயே நின்னுச்சு. அது அவுந்து முன்னால வந்திருந்தா நான் நசுங்கியிருப்பேன்."

"அவன்?"

"பின்னால இருந்தான். அந்தப் பக்கம் முறிஞ்சு தீப்பிடிச்சிருச்சு."

"ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

அவர் கூரையைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியலக்கா."

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனாலேயே மற்றதையெல்லாம் அவள் நம்பினாள்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னாள். நேரே சலூன் வாசலுக்குப் போய், கேட்டது அத்தனையையும் உரக்கச் சொன்னாள். முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டார்.

"நான் கேள்விப்பட்டதத்தாம்மா சொன்னேன்," என்றார் நாற்காலிக்காரர்.

"இப்ப இதையும் கேள்விப்பட்டுட்டீங்கல்ல. அத எங்கெங்க போய்ச் சொன்னீங்களோ, அங்கெல்லாம் இதையும் போய்ச் சொல்லுங்க."

அவர் சொன்னாரா என்று அவள் விசாரிக்கவில்லை. பல மாதம் கழித்துப் படையின் விசாரணையும் இஞ்சின் பழுது என்றே சொன்னது. அதற்குள் தெருவுக்கு வேறு பேச்சு கிடைத்திருந்தது.

கால் தேறியதும் துணை விமானி ஊன்றுகோலோடு வீடு தேடி வந்தார். அப்பா அவரை உட்காரவைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்குக் காலைல சாப்பிட்டானா தம்பி?"

"சாப்பிட்டாம்ப்பா. என் பங்கையும் சேத்துச் சாப்பிட்டான்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா எழுந்து சோறு எடுத்துவைக்கப் போனாள்.