கருமத்தம்பட்டி ஈஸ்வரி அக்காவின் கேபிள் டப்பா

ஈஸ்வரி அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வயது நாற்பத்திரண்டு.

முந்தின நாள் சாயங்காலம்கூட எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஆடியோ போட்டிருந்தார். "கொடுமுடி அம்மணிக்கு ஈரோட்டு பஸ்ல கேபிள் குடுத்து உட்டிருக்கறனுங்க. பஸ் ஸ்டாண்டு வந்து கண்டக்டர்கிட்ட வாங்கிக்குங்க."

இன்று நாலு தடவை அதைக் கேட்டுவிட்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் குரூப்பில் இருக்கும் எல்லாரும் காது கேட்காமல் பிறந்த குழந்தைகளின் அப்பா அம்மாக்கள்.

ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவி வைத்திருப்பார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு சின்னக் கேபிள், கேபிள் முனையில் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான வில்லை, அதைக் காயில் என்போம். இதில் எது போனாலும் குழந்தைக்குச் சத்தமே கிடையாது.

எங்கள் பிள்ளைகள் போட்டிருக்கும் மெஷினைச் செய்யும் கம்பெனி வெளிநாட்டில். எங்கள் பக்கம் அவர்களுக்குக் கடையும் இல்லை, ஆளும் இல்லை. போன் செய்தால் "ரெக்வஸ்ட் போட்டாச்சு சார்" என்பார்கள். இரண்டு விரல் நீளக் கேபிள் வந்து சேர ஒன்றரை மாதம்...

என் மகனுக்கு நாலு வயதில் முதல் கேபிள் போனது. நான் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் வைத்திருப்பவன். உடைந்தது எதையும் சரிசெய்துவிடலாம் என்ற திமிர் உண்டு.

அந்த முடி மாதிரிக் கம்பியைச் சால்டர் செய்கிறேன் என்று உட்கார்ந்து, மிச்சம் இருந்ததையும் பொசுக்கினேன். பையன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரோ நம்பர் கொடுத்து அப்போதுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். கருகிய கேபிளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங் தம்பி, இதையப் போயிச் சூடு வெப்பாங்களா?"

ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தார். மெஷின் மாற்றிய பிள்ளைகளின் பழைய கேபிள், காயில் எல்லாம் துணியில் சுற்றி, மாடல் பெயர் எழுதி வைத்திருந்தார். தன் மகள் தர்ஷினிக்காகச் சேர்க்க ஆரம்பித்தது, ஊருக்கெல்லாம் ஆகிப்போனது.

அதில் ஒரு காயில் இறந்துபோன ஒரு குழந்தையுடையது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். நானாக இருந்தால் அந்த வாசற்படி ஏறியிருக்க மாட்டேன்.

அது எந்தக் குழந்தையிடம் இப்போது இருக்கிறது என்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இனி எழுதப்போவது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு டப்பாவில் எங்கள் மாடலுக்கு ஒரே ஒரு கேபிள்தான் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தார். கம்பெனிக் கேபிள் வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

வந்தது. நான் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை கேபிள் போனால் என்ன செய்வது என்று அக்காவின் கேபிளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் தர்ஷினியின் கேபிள் போயிருக்கிறது. அவளுக்கும் அதே மாடல். பன்னிரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லாமல் ஸ்கூலுக்குப் போய் வந்திருக்கிறாள்.

குரூப்பில் வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போனைப் போட்டு அக்காவிடமே கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கறதுக்கென்னுங்க?" தப்புச் செய்தவனும் நான், கத்தியவனும் நான்.

"உங்க பையன் இப்பத்தான் 'அப்பா'ங்கறான். கழட்டிப்போட்டா மறந்துருவானுங்க தம்பி. என்ற புள்ள பெரியவ, வாயைப் பார்த்தே புரிஞ்சுக்குவா."

என் கேபிள் வந்து இருபது நாள் ஆகிவிட்டது என்று அப்போது சொல்லவில்லை. நேற்றுத்தான் வந்தது என்று பொய் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தது, சொல்லியிருக்கலாம்...

நேற்று கருமத்தம்பட்டி போனேன். அந்தத் தெருவில் தறி ஓடாமல் நான் பார்த்ததே இல்லை. எல்லாத் தறியையும் நிறுத்தியிருந்தார்கள்.

அக்காவின் கால்மாட்டில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பெரிய பெண் ஆகிவிட்டாள். காதில் மெஷின் இல்லை.

சுற்றிலும் அத்தனை பேர் மாரடித்து அழுகிறார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு மெஷின் எங்கே என்று கேட்டேன். முழித்தார். "அதெல்லாம் அவதானுங் தம்பி பார்த்துக்குவா. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ராத்திரி ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டு வைக்கும் டப்பாவில், அக்கா வைத்தது வைத்தபடி. பேட்டரியைப் போட்டேன். பச்சை லைட் எரிந்தது.

தர்ஷினிக்கு முன்னால் உட்கார்ந்து நானே மாட்டிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

காயில் தலையில் ஒட்டியதும் அவள் உடம்பு ஒரு தடவை குலுங்கியது. அம்மாவுக்காக அழுகிற அத்தனை சத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே போயிருக்கிறது. அம்மா முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் அசையாத உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு அவளே மெஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டாள்.

அவள் அப்பா பதறிப்போய் வந்தார். "ஏனுங் தம்பி, ரிப்பேருங்களா?"

"இல்லைங்க... நல்லாத்தான் வேலை செய்யுதுங்க."

சரிங்கக்கா... போயிட்டு வாங்க.