கூரையிலிருந்து இறங்கிய ஷீட்டு

பசுமைக்குடிலுக்கு வெளியே இருக்கும் தொட்டியில் பாசி வழிக்கிற வேலையை ராஜவேலு வேறு யாருக்கும் விடுவதில்லை. வெள்ளரிக் கொடிகள் நிற்கும் தென்னை நார்க்கழிவுப் பைகளிலிருந்து வடிகிற உரத்தண்ணீர் குழாய் வழியாக அங்கேதான் வந்து சேரும். அதை வடிகட்டி மறுபடியும் கொடிகளுக்கே விடவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியளவுத் தண்ணீரில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவரை மனைவி குணசுந்தரி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, தோட்டக்கலை ஆபீஸ்லருந்து போன். நாளன்னிக்கு சங்கக் கூட்டத்துக்கு மேடம் வராங்களாம். நீங்க பத்து நிமிஷம் பேசணுமாம்."

"இன்னாத்த பேசறது?"

"ஷீட்டு ரூல்ஸ பத்திதான். மத்த ஊருங்களுக்கும் அதயே கொண்டாரப் போறாங்களாம்."

ராஜவேலு சுரண்டுவதை நிறுத்தினார். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் அன்றைக்கே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருப்பார்.

சேவூருக்கும் ஆரணிக்கும் ஓடிய தனியார் டவுன் பஸ்ஸில் பதினாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். ஒரு முறை சொந்த மாமியாருக்கே டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார் என்பதை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். மாமியாரும் அந்த டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து, தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் இலையோரத்தில் வைத்தார். பஸ் நின்றுபோன பிறகு மாமனார் கொடுத்த கால் காணியில் பசுமைக்குடில் போட்டார். சுற்றுவட்டாரத்தில் பதினேழு பேர் அப்படிப் போட்டிருந்தார்கள். சங்கம் வைத்தபோது, கறாரான ஆள் வேண்டும் என்று இவரைச் செயலாளர் ஆக்கினார்கள்.

கறாராகத்தான் இருந்தார். கொடி கட்ட நைலான் கயிறு கூடாது, சணல் கயிறுதான் என்றார். அதனால் காய்ந்த கொடியைக் கயிறோடு மட்கவைக்க முடிந்தது. உரத்தண்ணீரைக் கால்வாயில் விடக்கூடாது என்றார். நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை கூரையை மாற்றும்போது கழற்றுகிற பாலித்தீன் ஷீட்டை ஆற்றங்கரையில் போட்டுக் கொளுத்துவதுதான் அதுவரை வழக்கம். அதற்கும் ஒரு விதி கொண்டுவந்தார். பழைய ஷீட்டைச் சங்கத்துக் கிடங்கில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இருந்தால்தான் புது ஷீட்டுக்கான மானிய மனுவில் செயலாளர் கையெழுத்து. அந்த வருஷமே ஆற்றங்கரையில் புகை நின்றது. தோட்டக்கலைத் துறை மேடம் வந்து கிடங்கைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

ஆனால் விதிக்கு முன்னாலும் எல்லா ஷீட்டும் நெருப்புக்குப் போகவில்லை என்பது ராஜவேலுவுக்குத் தெரியாததல்ல. அதிகம் கிழியாததை நெசவுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஐப்பசி பிறக்குமுன் தறி இருக்கும் இடத்துக்கு மேலே ஓட்டின்மேல் விரித்து, கயிறு கட்டி, செங்கல் வைத்துவிட்டால் தை வரைக்கும் தறியில் பூட்டிய பாவு நூலின்மேல் ஒரு சொட்டு விழாது. ஒரே ஷீட்டு மூன்று நான்கு மழைக்காலம் உழைக்கும். ராஜவேலுவே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். விதி எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

விதி வந்த வருஷம் பரிமளா தன் குடிலிலிருந்து பிரித்த ஷீட்டை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெசவுக்காரர் வீரபாகுவின் வீட்டுக்குக் கொடுத்திருந்தாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு வெள்ளரி போடுகிறவள். மனுவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை கிடங்குக்கு வந்தாள்.

"அண்ணா, ஷீட்டு வீரபாகு அண்ணன் வூட்டு மேல கீது. தை பொறக்கட்டும், நானே இறக்கி கொண்டாந்து போட்டுடறேன்."

"சீட்டு இல்லாம கையெழுத்து போட முடியாதும்மா. ஒருத்தருக்கு விட்டா பதினேழு பேரும் கூரைய காட்டுவாங்க."

"காட்டட்டுமே. கூரைல இருந்தா எரிஞ்சா போவுது?"

"ரூல்ஸ்னு ஒன்னு கீதே."

"இன்னும் பஸ் படியிலயே தொங்கிகினு இருக்கீங்களாண்ணா?"

பக்கத்தில் நின்ற சங்கத்து உறுப்பினர் பலராமன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமலிருந்தால் ஒருவேளை இறங்கி வந்திருப்போமோ என்று ராஜவேலு பிற்பாடு பல தடவை நினைத்ததுண்டு. அன்றைக்குச் சீட்டுப் புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை வீரபாகுவே ஓட்டின்மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். ஷீட்டை மடித்துப் பரிமளாவின் டிவிஎஸ்ஸில் வைத்துக் கட்டியும் கொடுத்தார். "புள்ளைங்கள வெச்சிகினு கீற. எடுத்துனு போம்மா" என்றாராம். ராஜவேலு சீட்டு கிழித்தார், கையெழுத்தும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. வீரபாகு விரித்த இரவல் தார்ப்பாய் பாதித் தறிக்குத்தான் எட்டியது. ஓட்டுப் புழுதியும் கரியும் கரைந்த தண்ணீர் சந்தன நிறப் பாவில் மூன்று புடவை நீளத்துக்கு இறங்கியது. முகூர்த்தப் புடவைகள். பாவு கொடுத்திருந்த வியாபாரி அதை எடுத்துக்கொண்டு போனார், மறு பாவு தரவில்லை.

வீரபாகு இப்போது ஆரணியில் விசைத்தறிக் கொட்டகையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ராஜவேலுவை எதிரே பார்த்தால், "இன்னாண்ணா, நல்லா கீறீங்களா?" என்று சைக்கிளை நிறுத்திக் கேட்பார். திட்டியிருந்தால் ராஜவேலுவும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பார். கிடங்கில் சேர்ந்த ஷீட்டுகளை எடுக்க ராணிப்பேட்டைப் பக்கத்து மறுசுழற்சிக் கம்பெனியிலிருந்து ஒரே ஒரு முறை லாரி வந்தது. மண்ணும் பாசியுமாக இருக்கிறது, கழுவிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். பரிமளா பேர் எழுதிய மூட்டையில் எலி குட்டி போட்டிருந்தது.

இந்த விதிதான் மற்ற ஊர்களுக்கும் போகப்போகிறது.

சாயங்காலம் பரிமளாவின் வீட்டுக்குப் போனார். முன்னறையில் அவள் வெள்ளரியைத் தரம் பிரித்துப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சங்கத்தில் பேர் இருந்தாலும் அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது.

"வாங்கண்ணா. நாற்காலி மேல கீற கூடைய எடுத்து கீழ வெச்சிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார். "விதியில ஒரு வரி சேக்கலாம்னு கீறேன். எங்கனா உபயோகத்துல இருக்கற ஷீட்டு அங்கயே இருக்கலாம், எங்க இருக்குதுன்னு எழுதி குடுத்தா போதும்னு. நாளன்னிக்கு கூட்டத்துல மேடம் இருக்கும்போது நீ வந்து சொல்லணும்மா."

"நான் எதுக்கு? மைக்கு உங்க கையில இருக்குது."

"நான் சொன்னா நல்ல யோசனைன்னு கை தட்டுவாங்க. ஏன் அந்த வரின்னு கேக்க மாட்டாங்க."

"கேக்கலன்னா நீங்களே சொல்றது. வூடு பேரு, ஆளு பேரு எல்லாம் உங்களுக்குத் தெரியாதா?" வளைந்த காய் ஒன்றைத் தனியாகப் போட்டாள். "மேடம் முன்னாடி சொல்ல கூச்சமா கீதா?"

"கூச்சம்தான்."

அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. செய்யவில்லை. கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள்.

"அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா," என்றார் ராஜவேலு, "வீரபாகு தறி இன்னிக்கு ஓடிகினு இருக்குமாம்மா?"

தெருவில் சந்தைக்குப் போகும் வண்டி ஹாரன் அடித்தது. பரிமளா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.