அந்தோனியாருக்குக் கழுவிக் கொடுத்த விறகு

பெரிய நெருப்பு என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அடுப்பு நெருப்பு, மெழுகுதிரி நெருப்பு எல்லாம் இதில் சேர்த்தி இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே எழுந்து, முன்னுக்கு நிற்பவர்களை நாலு அடி பின்னுக்குத் தள்ளுகிற நெருப்பைச் சொல்கிறேன். மொன்றியலில் அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு வீடு பற்றி எரிய வேண்டும். அதனால்தான், டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு நின்று விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற இத்தாலியச் சிநேகிதி ஒருநாள், "எங்கடை ஆக்கள் ஜனவரியிலை பெரிய நெருப்பு மூட்டுவினம், வாறியோ?" என்று கேட்டபோது, கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, "எத்தினை அடி உயரம்?" என்றுதான் முதலில் கேட்டேன்.

நாங்கள் இருவரும் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளுடைய பெற்றோர் இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அந்த ஊரின் பாதுகாவலர் வனத்து அந்தோனியார்; காலடியில் ஒரு பன்றியோடு நிற்பவர், ஆடு மாடுகளைக் காப்பவர். அவருடைய திருநாளன்று ஊரே கூடி, தேவாலய வாசலில் விறகை உயரமாக அடுக்கி எரிப்பார்களாம். மொன்றியலுக்கு வந்த குடும்பங்கள் இங்கே ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் அதையே செய்து வருகின்றன. அதற்கு ஒரு சட்டம் உண்டு. விறகைக் கடையில் வாங்கக் கூடாது. ஒவ்வொரு வீடும் தன்னிடம் இருப்பதைக் கொண்டுவந்து போட வேண்டும். எந்த வீடு விறகு போட்டதோ, அந்த வீட்டுக்குத்தான் அடுத்த வருஷத் திருநாளைப் பற்றிக் கதைக்க உரிமை.

"கார்த்திகை விளக்கீட்டுக்கு எங்கடை கோயிலிலை சொக்கப்பனை எரிக்கிற மாதிரி" என்றேன். சொக்கப்பனை என்றால் என்னவென்று விளக்க அரை மணித்தியாலம் போனது. மேற்பார்வையாளர் இரண்டு தரம் வந்து எங்களை முறைத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நெருப்புக்கு அவள்தான் பொறுப்பு. முந்தின வருஷம் உறைமழையில் விறகு நனைந்து, நெருப்புப் பிடிக்கவே இல்லையாம். சனம் குளிரில் நின்று புகையைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனதாம். அவர்களுடைய சங்கத் தலைவர், வீடு கட்டுகிற மேசனாக இருந்து ஓய்வுபெற்றவர், அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இன்னும் ஒருக்கால் பாப்பம். அதுவும் பிடிக்காட்டி, மண்டபத்துக்குள்ளை திரையைக் கட்டி நெருப்புப் படத்தைப் போடுவம். சனம் சூட்டிலை இருந்து பாக்கட்டும்."

"திரையிலை நெருப்போ? அந்தாளுக்கு விசரே?" என்று கத்திவிட்டேன். எனக்கு என்ன வந்தது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரும் என்னுடையதில்லை, சாமியும் என்னுடையதில்லை.

அவள் கத்தவில்லை. "நான் அந்த ஊரைக் கண்டதே இல்லை. இஞ்சைதான் பிறந்தனான். ஊர் எண்டு எனக்கு இருக்கிறது இந்த நெருப்பு ஒண்டுதான். அது என்ரை கையாலை நிண்டுபோகக் கூடாது" என்றாள். பிறகு, விறகுக்குத்தான் பஞ்சம், விறகடுப்பு வைத்திருந்த வீடுகளெல்லாம் மின்சாரத்துக்கு மாறிவிட்டன என்றும் சொன்னாள்.

என் கணவருக்குச் சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் வேலை. சாமான்களை அடுக்கி ஏற்றுகிற பலகைத் தட்டுகள், பலட் என்பார்கள், அங்கே உடைந்து மலையாகக் கிடக்கும். "எத்தினை வேணும்?" என்று கேட்டேன், ஏதோ காட்டுக்குச் சொந்தக்காரி மாதிரி.

திருநாள் சனிக்கிழமை. வெள்ளி பின்னேரமே அவர் பலகைகளை உடைத்து, ஆணி பிடுங்கி, வான் வண்டி நிறையக் கொண்டுவந்து பின்வளவில் இறக்கிவிட்டார். சனி காலையில் போய்ப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. சப்பாத்து அடையாளங்கள், எண்ணெய்க் கறை, எதிலிருந்தோ வழிந்து ஊறின மீன் நாற்றம். இதையா ஒரு சாமிக்கு எரிப்பது? எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சாமி சாமிதானே. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தேய்க்கிற பிரஷும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"எரிக்கப்போற பலகையை ஏனப்பா கழுவுறீர்?" என்றார் கணவர்.

"சாமி காரியம். நீங்கள் கதையாமல் மற்ற வாளியைக் கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தார். என்னோடு வாதாடி வென்ற நாள் அவருக்கு இல்லை. ஒவ்வொரு பலகையையும் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வெயில் பளீரென்று அடித்தது. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று மதிலோடு சாத்தி வைத்தேன். நான் இந்த நாட்டில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறவள். ஜனவரியில் வெயில் எவ்வளவு நன்றாக அடிக்கிறதோ அவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அந்த அறிவு எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ! இரண்டு மணிக்கு வண்டியில் ஏற்றும்போது பலகைகள் பளபளவென்று மின்னின. கழுவின கழுவல் அப்படி என்று பெருமைப்பட்டேன்.

தேவாலயத்துக்குப் போனபோது கார் நிறுத்துமிடத்தின் நடுவில் மணல் பரப்பி, மற்ற வீடுகள் போட்ட பெரிய மரக்கட்டைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். எங்கள் பலகைகள் மெல்லியவை, சட்டென்று பிடிக்கும் என்று அவற்றை அடியில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கட்டைகளைச் சுற்றிவர ஒன்றோடொன்று கூம்பாகச் சாத்தி நிறுத்தினார்கள். என் உயரத்துக்கு மூன்று மடங்கு. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொசேஜ் வாட்டுகிற வாசனை, அக்கோடியன் வாசிப்பு, கடதாசிக் கோப்பைகளில் வீட்டில் போட்ட வைன். கால் விறைத்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை? ஒரு தீயணைப்பு அலுவலர் வண்டியோடு வந்து நின்றார். ஐந்திலிருந்து ஏழு மணி வரைதான் அனுமதி. ஆறு மணிக்குள் பிடிக்காவிட்டால் மூட்டக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

ஐந்தரைக்குச் சிநேகிதி பந்தத்தோடு வந்தாள். சனம் கைதட்டியது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் தட்டியிருப்பேன். அவள் குனிந்து பந்தத்தை அடியில் நீட்டினாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி வந்தது. இரண்டாவது பந்தம், மூன்றாவது பந்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சத்தம் மட்டும்தான். அக்கோடியன் நின்றுவிட்டது. முந்தின வருஷப் புகையைக் குடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அலுவலர் வந்து அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தார். கையுறையால் தட்டினார். கண்ணாடி மாதிரி ஐஸ் உடைந்து கொட்டியது.

"இதுக்கு ஆர் தண்ணி ஊத்தினது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் நான் ஊற்றின சுடுதண்ணீர்! நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதி தலைவரின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நீங்கள்தானே? திரை வேணுமெண்டு நிண்டது நீங்கள்தானே! வேண்டாமெண்டால் முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். கள்ளத்தனமாய்த் தண்ணி ஊத்துவியளோ?"

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் இரண்டு பேர் அவரிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தான்!" என்று கத்தினேன். தேவையில்லாத அளவுக்குச் சத்தமாக. "நான்தான் கழுவினனான்."

"கழுவினதோ? விறகையோ?" என்றாள் சிநேகிதி.

"ஓம். சாமிக்கு எரிக்கிறது. ஊத்தையோடை குடுக்கலாமே? சவர்க்காரம் போட்டுத்தான் கழுவினனான்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கணவர் பக்கத்தில் வந்து நின்று, "நான்தான் வாளி தூக்கினனான்" என்றார். அவர் அந்த நாளில் சொன்ன மிகத் துணிச்சலான வார்த்தை அதுதான்.

தலைவர் அந்தப் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஐஸுக்கு அடியில் குங்குமப் பொட்டு சிவப்பாகத் தெரிந்தது. இது என்ன என்று கேட்டார். சாமிக்குக் கொடுக்கிற எதற்கும் வைப்போம் என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சின்னச் சிரிப்பில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். தன் சனத்துக்கு நடுவில் கள்ளனாகி நின்றவர், தப்பினேன் என்று சிரித்த சிரிப்பு அது என்று நினைக்கிறேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

"தக்காளித் தடி!" என்று கத்தினார். "எல்லாரும் ஓடுங்கோ. தக்காளித் தடி!"

அந்தத் தெருக்களில் இத்தாலியர் வீடு ஒவ்வொன்றிலும் கோடையில் தக்காளி வைப்பார்கள். செடிக்கு ஊன்றுகிற மரத்தடிகளைப் பனிக்காலத்தில் கட்டுக்கட்டாகக் கராஜுக்குள் வைத்திருப்பார்கள். வருஷக்கணக்காகக் காய்ந்தவை. அவற்றைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள், அயலவனுக்கு இரவல்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று சிநேகிதி பலமுறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவற்றுக்காகச் சனம் ஓடியது. பாரமான சப்பாத்துகளோடு, வழுக்கி, விழுந்து, எழும்பி, சிரித்துக்கொண்டு ஓடியது. நானும் கணவரும் சிநேகிதியும் முழங்காலில் இருந்து என்னுடைய பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தோம். முதலில் திரும்பி வந்தவர் தலைவர்தான். இரண்டு தோளிலும் இரண்டு கட்டு. மூச்சு வாங்கியது.

"கோடைக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"கோடை வரட்டும், அப்ப பாப்பம்" என்றார்.

பின்னால் கட்டுக் கட்டாக வந்தது. திணித்தோம். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "நாலு நிமிசம்" என்றார். சிநேகிதி பந்தத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். நீட்டினாள். ஒரு தடி பிடித்தது. பக்கத்துத் தடிக்குத் தாவியது. படபடவென்று வெடித்துக்கொண்டு, குப்பென்று உள்ளுக்குள் முழுக்கப் பற்றி, ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது! நாலு அடி இல்லை, பத்து அடி பின்னுக்குப் போனோம். முகம் சுட்டது, முதுகு விறைத்தது. நான் குதித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு, பனிச் சப்பாத்தோடு குதித்தேன். சிநேகிதி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் என் தோளை நனைத்தாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தத் திருவிழாவிலும் வந்ததில்லை.

ஏழு மணிக்கு முன்பு தலைவர் ஒரு பெட்டியின் மேல் ஏறினார். "விறகு போட்ட வீட்டுக்காரர் மட்டும். வாற வருஷமும் நெருப்பு வேணுமெண்டிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கைகள் எழும்பின. அவர் விரல் நீட்டி, வாய்விட்டு எண்ணினார். நான் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். என்னுடைய விறகு எரியவே இல்லை. ஓரத்தில் பனிக்குள் குவிந்து கிடந்தது. எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வீடு இருக்குது" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் யாரென்று திரும்பிப் பார்த்தேன். சிநேகிதி முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"என்ரை எரியேல்லையே" என்றேன்.

"போட்டதுதான் கணக்கு. எரிஞ்சதோ எண்டு ஆரும் கேக்கேல்லை" என்றார் அவர் பெட்டியின் மேலிருந்து.

இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். பக்கத்தில் கணவரும் இரண்டையும் தூக்கினார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு கை" என்றார் தலைவர் கண்டிப்பாக.

நாலு கையில் மூன்றை இறக்கினோம். என்னுடைய வலது கை, அவர் எண்ணி முடித்துப் பெட்டியிலிருந்து இறங்கின பிறகும் மேலேயே நின்றது.