ஓட்டினவன் பேரை எழுதுங்க

ஜீனத்துன்னிசா கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு நைட்டி விற்கப் போகிறவள். முன்பெல்லாம் வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறுவாள். கரியாலூர், வெள்ளிமலை என்று வீடு வீடாக வியாபாரம். கணவர் முகம்மது கவுஸ் பேருந்து நிலையத்தருகே கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். மலைப்பாதை என்றாலே அவருக்குத் தலை சுற்றும். அவளோ பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில், இறங்கி வந்த வெள்ளைக் கார் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அவளை இடித்துத் தள்ளியது. ஸ்கூட்டி தடுப்புச்சுவரில் மோதிச் சாய்ந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்ததுமே எலும்பு முறிந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காரை ஓட்டியவன் இறங்கி ஓடி வந்தான். பெயர் இளமாறன், வயது பதினெட்டைத் தாண்டியிருக்கும். பக்கத்து இருக்கையிலிருந்து அவன் மாமா வெங்கடேசன் இறங்கினார். வளைவில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த தைலம்மாள், "பாத்து வரமாட்டியாடா?" என்று கத்திக்கொண்டே வந்து அவளைத் தூக்க உதவினாள். அங்கே போனில் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்று, இடித்த காரிலேயே அவளை ஏற்றினார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது மாமா ஓட்டினார். இளமாறன் பின்னால் உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி அவள் காலைச் சுற்றிக் கட்டி, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, எங்கிட்ட லைசென்ஸ் இல்லியே."

"வாய மூடு. அந்தம்மா தானா வழுக்கி வுழுந்துச்சு. நாம தூக்கிக்கினு வந்தோம். அவ்ளோதான்."

"அவங்க சொல்லிட்டா?"

"அப்ப நான் ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்றேன். அந்தம்மாவுக்கு நெனப்பு இருக்கா பாரு."

ஜீனத் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் எத்தனையோ வளைவுகள் இருந்தன. ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பாதை. தனக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தால் இவர்கள் என்ன செய்வார்களோ? உள்ளுக்குள் கலிமாவைச் சொல்லிக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் வந்த அலறலைப் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"சீக்கிரம் போ மாமா, ரத்தம் ஜாஸ்தி போவுது" என்று அவன் அழுதுகொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"ஸ்கூட்டி வழுக்கிடுச்சுங்க டாக்டர். ரோட்ல கெடந்தாங்க" என்றார் வெங்கடேசன்.

பேனா தாளைத் தொட்டபோது ஜீனத் கண்ணைத் திறந்தாள். "இல்லீங்க டாக்டர். இவங்க கார்தான் என்னை இடிச்சுது. அப்படியே எழுதுங்க."

டாக்டர் வெங்கடேசனை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார்.

கவுஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வெங்கடேசன் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய் அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது கவுஸின் முகம் குழம்பியிருந்தது.

"நல்லவங்களாத்தான் தெரியறாங்க. வைத்தியம் பாத்துக்கறாங்களாம். ஸ்கூட்டிய நாளைக்கே ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறாங்களாம். நம்மளுக்கு இன்னாத்துக்கு கேசு?"

"வண்டிய யாரும் தொடக்கூடாது" என்றாள் அவள். "ரிப்பேர் பண்ணிட்டா இடிச்ச அடையாளமே போயிடும். நீங்க இப்பவே மேல போயி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கினு வாங்க. கொய்யா விக்கிற அம்மா பேரு, ஊரு கேட்டுக்கினு வாங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

கவுஸ் பஸ் ஏறினார். வழியில் இரண்டுமுறை வாந்தி எடுத்தார். ஆனால் போட்டோவும் தைலம்மாளின் விலாசமும் கொண்டுவந்தார்.

மறுநாள் ஏட்டு ஒருவர் வார்டுக்கு வந்து வாக்குமூலம் எழுதினார். வெங்கடேசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா."

"படிச்சுக் காட்டுங்க சார்."

"நீ சொன்னதுதாம்மா."

"படிங்க சார்."

அவர் படித்தார். 'வெங்கடேசன் என்பவர் ஓட்டிவந்த கார்' என்று வந்த இடத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"அவரு பக்கத்துல உக்காந்துகினு இருந்தாரு. ஓட்டுனது அந்தப் பையன். ஓட்டினவன் பேரை எழுதுங்க."

"நான்தான் ஓட்டுனேன்னு அவரே ஸ்டேஷன்ல சொல்லிட்டாரேம்மா."

"அவரு சொன்னத அவரு வாக்குமூலத்துல எழுதிக்கோங்க. இது என்னுது."

வெங்கடேசன் உள்ளே வந்து கட்டிலருகே நின்றார். கையைக் கூப்பினார். "காலேஜ் படிக்கிற புள்ளம்மா. வழியெல்லாம் உன் காலப் புடிச்சுக்கினு வந்ததே அவன்தான்."

அது உண்மை. அவன் அழுதுகொண்டே வந்தது இன்னும் அவள் நினைவில் இருந்தது. ஜீனத்தின் கண் கலங்கியது. ஒரு பொய்க்குத் தலையாட்டினால் எல்லோருக்கும் சுலபம்தான். ஆனால் தான் நொறுங்கிய கதையை வேறொருவர் எழுதிவிடுவார் என்று நினைத்தபோது மனம் இறுகியது.

"அதுவும் நெசந்தான். ஏட்டய்யா, அந்தப் பையன் சட்டையக் கழட்டிக் கட்டு போட்டான், என்னைக் கொண்டாந்து சேத்தான்னு அதையும் எழுதுங்க."

ஏட்டு புதுத் தாள் எடுத்தார். இந்தமுறை முழுவதையும் தானே ஒருமுறை படித்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லிக் கவுஸை அனுப்பினாள். காசில்லாமலேயே கொடுத்தார்கள்.

வக்கீல் செந்தமிழ்ச்செல்வி ஆறு மாதக் கெடுவுக்குள் நஷ்டஈட்டு மனுவைப் போட்டார். விசாரணையில் காப்பீட்டுக் கம்பெனி தரப்பு, "நீங்களே தடுமாறி விழுந்தீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. டாக்டரின் பதிவேடும் கவுஸ் எடுத்த படங்களும் அதற்குப் பதில் சொல்லின. கோர்ட் வாசலில் நடுங்கி நின்ற தைலம்மாள், கூண்டில் ஏறியதும் பார்த்ததை அப்படியே சொன்னாள். ஓட்டினவனுக்கு லைசென்ஸ் இல்லாததால், கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுக் கார் உரிமையாளரான வெங்கடேசனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. இளமாறன் தன்மேல் இருந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

ஜீனத்தின் காலில் கம்பி இருக்கிறது. ஸ்கூட்டி ஓட்ட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். இப்போது ஒரே மூட்டையோடு வெள்ளிமலை பஸ்ஸில் போகிறாள். பஸ் நிற்கும் இடத்துக்கே பெண்கள் வந்து, எந்தக் கலர் வெளுக்காது என்று அவளிடம் கேட்டு, அவள் சொல்வதை வாங்கிக்கொள்கிறார்கள்.